கார்த்திகேசுவின் வலக் கன்னம்

கிள்ளானில் ஒரு தமிழனின் கன்னத்தில் காதோரத்திலிருந்து வாய்க்கோடி வரை ஒரு கோடு ஓடினால், அது எப்படி வந்தது என்று யாரும் அவனிடம் கேட்பதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்கிறார்கள். எந்தக் கும்பல், எந்த வருஷம், பாராங் கத்தியா உடைந்த போத்தலா என்பதில் மட்டும் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருக்கும். அதையும் ஒரு கோப்பை தே தாரேக் தேநீர் ஆறுவதற்குள் பேசித் தீர்த்துவிடுவார்கள்.

கார்த்திகேசுவுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தேழு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இத்தனை வருஷத்தில் அவர் ஹாரன் அடித்ததை எண்ணிச் சொல்லிவிடலாம். அதில் இரண்டு தடவை முழங்கை தெரியாமல் பட்டது. வீட்டில் பல்லி விழுந்தால் அவர் நாற்காலி மேல் ஏறி நிற்பார், மனைவி தங்கமணி துடைப்பத்தோடு வருவாள். அப்பேர்ப்பட்ட மனிதரின் வலக் கன்னத்தில்தான் போன வைகாசியில் அந்தக் கோடு வந்து சேர்ந்தது.

கோட்டுக்கு முன்னால் அங்கே ஒரு புள்ளி இருந்தது. மிளகு அளவில் கறுப்பாக, ஓரம் மட்டும் மெழுகு பூசினாற்போல் மினுங்கிக்கொண்டு. சவரம் செய்யும்போது பிளேடு பட்டால் இரத்தம் வரும், ஆறும், அடுத்த வாரம் மறுபடியும் வரும். தங்கமணி முதலில் மஞ்சள் வைத்தாள். பிறகு வேப்பெண்ணெய். பிறகு எந்த வியாதிக்கும் கடைசியாக வைக்கிற கோடாலித் தைலம். புள்ளி இதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு இரண்டு வருஷத்தில் ஐந்து காசு அளவுக்கு வளர்ந்தது. கிளினிக் டாக்டர் ஒரே பார்வையில் கடிதம் எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்.

கோலாலம்பூரில் இருந்தவர் பெரிய டாக்டர். அவர் நடந்தால் ஏழு மாணவர்கள் பின்னால் வாத்துக் குஞ்சுகள்போல் வருவார்கள். அவர் நின்றால் நிற்பார்கள். அவர் கன்னத்தைப் பார்த்து 'ம்' என்றால் ஏழு பேனாக்கள் அந்த 'ம்'மை எழுதிக்கொள்ளும். தோல் புற்றுநோய், உயிரைக் குடிக்கிற வகை இல்லை, ஆனால் விட்டுவைத்தால் கன்னத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், வெட்டி எடுத்துவிடலாம் என்றார். கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று கேள்விப்பட்டிருக்கிறேனே என்று கார்த்திகேசு இழுத்தார். என்ன வேலை என்று கேட்டார் டாக்டர். அதற்குக் கார்த்திகேசு தன் பாதையைச் சொன்னார். விடிவதற்கு முன் ஒரு நடை; பிறகு ஒன்பது மணிக்குப் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு கிள்ளானிலிருந்து காப்பார் பக்கம் வடக்கே; மதியம் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தெற்கே. டாக்டர் விரலால் காற்றில் ஒரு படம் போட்டார். காலையில் வடக்கே போனால் சூரியன் வலப்பக்கம். மதியம் தெற்கே திரும்பினால் அப்போதும் வலப்பக்கம். இருபத்தேழு வருஷமாகச் சூரியனுக்குக் கார்த்திகேசுவின் வலக் கன்னத்தைத் தவிர வேறு வேலையே இருந்திருக்காது போலிருக்கிறது. கார்த்திகேசுவுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது. தன் வாழ்க்கையை யாரோ எங்கிருந்தோ இவ்வளவு ஒழுங்காகக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதுபோல ஒரு ஆச்சரியம்.

ஐந்து காசுப் புள்ளிக்கு எதற்கு விரல் நீளக் கோடு என்று அவர் கேட்டதற்கும் டாக்டர் பதில் வைத்திருந்தார். வட்டமாக வெட்டித் தைத்தால் இரண்டு முனையும் கொழுக்கட்டைபோல் புடைத்துக்கொள்ளும். படகுபோல நீளமாக வெட்டித் தைத்தால்தான் படியும். படகு படிந்தது. தையல் பிரித்த அன்று பெரிய டாக்டர் கன்னத்தை விளக்குப் பக்கம் திருப்பி மூன்று தடவை 'பியூட்டிஃபுல்' என்றார். மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமான முப்பது வருஷத்தில் தன் புருஷன் முகத்தை யாரும் அந்த வார்த்தையால் சொல்லிக் கேட்டிராத தங்கமணி, டாக்டர் எதைச் சொல்கிறார் என்று திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கொமுட்டர் இரயிலிலேயே அவள் தடை உத்தரவு போட்டுவிட்டாள்.

"இந்தாங்க, கேன்சர்ங்கிற வார்த்த நம்ம வீட்டு வாசல தாண்டக்கூடாது."

"ஏன் லா? அதான் எடுத்தாச்சே."

"புள்ளைங்க ஏறுற வண்டி. தொத்திக்கும்னு நெனைப்பாங்க."

"தொத்தாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் நமக்குச் சொன்னாரு. வாட்சாப்புக்கு யாரு சொல்றது?"



ஆகவே குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று முடிவாயிற்று. தங்கமணி பள்ளிக்கூடக் கண்டீனில் சமைக்கிறாள். காலையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்குக் காரச் சம்பால் கிண்டும்போது ஒரு ஆசிரியையிடம் குழாய் முனை கிழித்துவிட்டது என்றாள். மீகூன் என்கிற அரிசிச் சேமியா பிரட்டும்போது இன்னொருத்தியிடம் சோப்பு டப்பா என்றாள். கேட்டவர்கள் எல்லாரும் 'ஐயோ பாவம்' என்றார்கள், எல்லாரும் பாதி வெந்த மீகூனைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார்கள். சோப்பு டப்பா அவ்வளவு நேராகக் கிழிக்காது என்பது கிள்ளானில் குழந்தைக்குத் தெரியும். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று அவளை மெச்சிக்கொண்டார்கள். இருபத்தேழு வருஷமாக வாய் திறக்காமல் வண்டி ஓட்டியவர் உள்ளுக்குள் யாரோ, எப்படிப்பட்ட ஆளோ என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது.

கோட்டின் மவுசு முதலில் தெரிந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். மறு பரிசோதனைக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வாழையிலைக் கடையில் நுழைந்தார்கள். கூட்டம் கதவு வரைக்கும் நின்றது. டை கட்டிய ஆபீஸ்காரர்கள் அடுத்தவர் இலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பரிமாறுகிற பையன் கார்த்திகேசுவின் முகத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்தான், இரண்டு நிமிஷத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேசை காலியாயிற்று. "உக்காருங்க பாஸ்." பொரித்த பாகற்காய் கேட்காமலே இரண்டாம் தடவை வந்தது. மூன்றாம் தடவையும் வந்தது. கார்த்திகேசுவுக்குப் பாகற்காய் என்றால் உயிர்.

"என்னா இது?" என்றார் தங்கமணியிடம், வாய் நிறைய.

"சாப்பிடுங்க பேசாம," என்றாள் அவள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் பாகற்காய் பிடிக்கும்.

அன்றிலிருந்து கார்த்திகேசு ஆராய்ச்சியில் இறங்கினார். மனிதர் அடிப்படையில் எதையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்; இத்தனை நாள் அதற்கு வாய்ப்புத்தான் அமையவில்லை. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பக்கத்து மோட்டார் சைக்கிள்காரனுக்கு வலக் கன்னத்தைக் காட்டிப் பார்த்தார். அவன் கண்ணை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தைப் படிக்கத் தொடங்கினான். பள்ளி வாசலில் வழியை அடைத்து நிறுத்துகிற பெரிய கார் அம்மா, அவர் சன்னலை இறக்கிய உடனே நகர்ந்துவிட்டாள். அவர் வெற்றிலை எச்சில் துப்பத்தான் இறக்கினார். மேரு சாலைக் கடையில் ஒரு நாள் இடக் கன்னம் தெரிய உட்கார்ந்தார், தே வருவதற்குப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. மறுநாள் அதே நாற்காலியைத் திருப்பிப் போட்டு வலக் கன்னம் தெரிய உட்கார்ந்தார். மூன்று நிமிஷம், நுரை விளிம்பு வரைக்கும். ஆள் ஒன்றுதான், தே ஒன்றுதான், கன்னம்தான் வேறு. இந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி முன் நின்று, மருந்துக் களிம்பை விரலில் எடுத்துக் கோட்டின் மேல் தடவும்போது மட்டும், தெரிந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு வரும்.

பரமேஸ்வரன் வந்தது இந்த நேரத்தில்தான். அவர் ஆலயத் தலைவர். ஆலயத்துக்குத் தலைவராக இருப்பது ஒரு வேலை. தலைவர் என்று கூப்பிடப்படுவது அதைவிடப் பெரிய வேலை. அவர் வீட்டு நாயைத் தவிர மற்ற எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தீபாவளி, பொங்கல், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் தேர்வு, எதிர்பாராத மழை, எதற்கும் சாலையோரத்தில் அவர் முகம் போட்ட பதாகை வாழ்த்துச் சொல்லும். பதாகையில் இருக்கும் முகத்துக்கு முப்பத்தைந்து வயது. வேனில் வந்து ஏறிய முகத்துக்கு அறுபத்து மூன்று.

கார்த்திகேசு இருபது வருஷமாக அந்த ஆலயத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று சாமி கும்பிடுகிறவர். தலைவர் அவரைத் தோளில் தட்டி, இத்தனை காலம் இப்படி ஒதுங்கி இருக்கலாமா என்றார். ஆடித் திருவிழாவில் ஒழுங்கைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். கறுப்பு டீ சட்டை ஒன்று கொடுத்தார். முதுகில் 'செக்குரிட்டி' என்று எழுதியிருந்தது. முன்வரிசையில் சிவப்பு மெத்தை நாற்காலியும் போட்டார். தலைவர் பேசும்போது கார்த்திகேசு பின்னால் நிற்க வேண்டும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் மார்பில் கட்டிக்கொண்டார். யாரோ படம் பிடித்தார்கள். எதிர்க்கட்சி என்று தலைவர் கருதிய நாலு பேரும் அன்று கேள்வியே கேட்கவில்லை. பிரசாதச் சர்க்கரைப் பொங்கலில் கார்த்திகேசுவின் தொன்னைக்கு மட்டும் முந்திரி எண்ணிப் போடாமல் அள்ளிப் போட்டார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தழும்பு எப்படி இருக்கிறது, நோயாளி திருப்தியாக இருக்கிறாரா என்று ஒரு ஆய்வு. கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இஷ்ரத் என்ற இளம் டாக்டர், பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைக்காரர் மகள், தலையில் பச்சை முக்காடு. தங்கமணி தன் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண் சொல்ல வேண்டும் என்றாள் இஷ்ரத். தழும்பின் நிறம் எப்படி? கார்த்திகேசு யோசிக்கவே இல்லை. பத்து. தடிப்பு? பத்து. அரிப்பு? அதற்கும் பத்து. டாக்டர் அவ்வளவு சிரமப்பட்டுப் படகு மாதிரி வெட்டியிருக்கிறார், எட்டு ஒன்பது என்று இழுப்பது மரியாதை இல்லை. இஷ்ரத் பேனாவை நிறுத்தினாள்.

"அங்கிள், அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"மோசமா? அருமையா இருக்கு மா. அதான் பத்துக்குப் பத்து."

"இதுல ஒண்ணுதான் நல்லது அங்கிள். சாதாரண தோல் மாதிரின்னா ஒண்ணு. பத்துன்னா ரொம்ப மோசம்."

கார்த்திகேசு பதறிப்போனார். "அப்ப எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுடுங்க. டாக்டர் கோச்சுக்கப் போறாரு."

"அவர் அவருக்கு ரெண்டு போட்டுக்கிட்டாரு," என்றாள் இஷ்ரத், சிரிப்பை முக்காட்டின் ஓரத்தில் ஒளித்துக்கொண்டு. "நீங்க டாக்டருக்கு மார்க் போட வேணாம். ஒங்களுக்கு எப்டி இருக்குன்னு சொல்லுங்க."

தனக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வெயில் பட்டால் கொஞ்சம் அரிக்கிறது என்றார், நாலு. வாயைப் பெரிதாகத் திறந்தால் இழுக்கிறது, மூன்று. நிறம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஐந்து. அப்புறம் கடைசிக் கேள்வி வந்தது. மற்றவர்கள் உங்கள் தழும்பைப் பார்ப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா?

"கஷ்டம்னா..." கார்த்திகேசு தங்கமணியைப் பார்த்தார். "பாக்கறாங்க. பாத்துட்டு எடம் குடுக்கறாங்க. தே சீக்கிரம் வருது. கோயில்ல நாற்காலி போடறாங்க. நல்லாத்தான் மா இருக்கு."

இஷ்ரத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். இதற்குக் கட்டம் இல்லை. "இருபத்து மூணு வருஷ அனுபவத்துல பெரிய டாக்டர் இப்டி ஒரு பதில் கேட்டிருக்க மாட்டாரு," என்று சொல்லி, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். பிறகு, தாளைப் பார்க்காமல், "ஏன் அங்கிள் எடம் குடுக்கறாங்க?" என்றாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கார்த்திகேசு வாயைத் திறந்தார். தங்கமணி எழுந்து, இரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் முதல் செய்தி வந்தது. அனுப்பியவள் மலர். காப்பார் சாலை அடுக்குமாடியில் இரண்டாம் மாடி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை, மூன்றாம் ஆண்டு படிக்கிற கிஷன் என்ற ஒரே பிள்ளை. திங்கள்கிழமையிலிருந்து கிஷன் வேனில் வரமாட்டான், தானே கொண்டுவந்து விட்டுக்கொள்வேன், நன்றி என்று எழுதி, கைகூப்பிய படம் ஒன்றும் வைத்திருந்தாள். மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர். சாயந்திரத்துக்குள் ஏழு. எல்லாவற்றிலும் கைகூப்பிய படம். தாய்மார்களின் குழுவில் ஆடித் திருவிழாப் படம் இப்போது சுற்றத் தொடங்கியிருப்பதைத் தங்கமணி கண்டீனில் ஒருத்தியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கறுப்புச் சட்டை, கட்டிய கை, விளக்கொளியில் மினுங்கும் கோடு. கீழே ஒருத்தி கேட்டிருந்தாள்: நம்ம பிள்ளைகளை இந்த ஆளிடமா கொடுக்கிறோம்?

இருபத்திரண்டு பிள்ளைகளில் ஏழு பேர் போய்விட்டால் மிச்சம் போக எத்தனை நாள் ஆகும்? வேன் நின்றால் கார்த்திகேசு யார்? இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அன்று மீன்குழம்பில் புளி தூக்கலாக இருந்ததை மட்டும் பேசிக்கொண்டார்கள். பிறகு தங்கமணி அழுதாள். அழும்போதும் சோப்பு டப்பா என்று சொன்னது தப்பு, குழாய் முனையோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்றாள்.

கார்த்திகேசு தலைவரிடம் போனார். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று ஆலயத்தில் ஒரு வார்த்தை அறிவித்துவிட்டால் போதும் என்று கேட்டார். அப்போதுதான் முதன்முறையாக விஷயத்தையும் சொன்னார். தலைவர் உட்கார்ந்திருந்த சோபாவில் ஒரு சாண் பின்னால் நகர்ந்தார்.

"கேன்சரா?"

"எடுத்தாச்சு தலைவரே. சுத்தமா எடுத்தாச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு."

"நல்லது. அப்டியே இருக்கட்டும்." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வாரத்துல நிர்வாகத் தேர்தல். இப்பப் போயி சீக்காளின்னா என்னா ஆவுறது? பாரு கார்த்திகேசு, அந்தக் கோடு இப்ப ஒன்னோடது மட்டும் இல்ல. ஆலயத்தோடது."

கார்த்திகேசு வெளியே வந்து வேனில் உட்கார்ந்து, ஆலயத்துக்குச் சொந்தமான தன் கன்னத்தைப் பக்கக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. அவர் மலர் வீட்டுப் படியேறினார். அவள் கதவைத் திறந்தாள், ஆனால் இரும்புக் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே கருவாடு வறுக்கிற வாசனை. கிஷன் எட்டிப் பார்த்தான். அவள் அவனை உள்ளறைக்கு அனுப்பினாள்.

"மன்னிச்சிடுங்க அங்கிள். ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

"தெரியும் மா. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்."

"நான் மொதல்ல சொல்லிடறேன்," என்றாள் மலர். "எனக்கு ஒரு தம்பி இருக்கான். பதினாறு வயசுல இப்டி ஒரு கோட்டோட வந்தான். அம்மா அழுதுச்சு. ஆனா ஊர்ல என்னா நடந்துச்சு தெரியுமா? கடையில அவனுக்கு மொதல்ல தண்ணி வந்துச்சு. கல்யாண வீட்ல முன்னால நாற்காலி போட்டாங்க. மாமா முறையில உள்ளவங்கல்லாம் எந்திரிச்சு எடம் விட்டாங்க. அந்த நாற்காலிய விட்டு அவனால எறங்க முடியல அங்கிள். இப்ப ஜெயிலுக்குள்ள இருக்கான், ஒம்போது வருஷம். என் மவன் ஒங்க போட்டாவ பாத்துட்டு கைய இப்டிக் கட்டிக்கிட்டு கண்ணாடி முன்னால நிக்கறான். அதான்."

கார்த்திகேசுவுக்குப் பாகற்காய் ஞாபகம் வந்தது. மூன்றாம் தடவை வந்த பாகற்காயையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. மழைச்சாரல் முதுகில் அடித்தது. நகரத் தோன்றவில்லை.

"இது கேன்சர் மா," என்றார். "வெட்டுக்குத்து இல்ல. வெயில்ல வந்துச்சு. வேன் ஓட்டி ஓட்டி, சன்னல் பக்கமா. தொத்தாது. ஒங்க ஆன்டிதான் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாங்க." முகத்து மழைநீரைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் நானும் சொல்லல. எனக்கும் நாற்காலி போட்டாங்க."

மலரின் கை கம்பிக் கதவின் பூட்டுக்குப் போகவில்லை.

"நம்பலன்னா பாரு மா. வெட்டறவன் இப்டி அளந்தா வெட்டுவான்?"

கன்னத்தைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவள் தயங்கினாள். பிறகு குனிந்தாள். தொழிற்சாலையில் அவள் வேலையே சோதனைப் பிரிவுதான். ஊதிப் புடைத்த கையுறைகளை விளக்கில் பிடித்து, ஊசிமுனை ஓட்டையையும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். பத்து வருஷமாக அதைச் செய்கிற கண். அந்தக் கண் காதோரத்தில் தொடங்கி, அவசரப்படாமல், கோட்டின் மேல் ஊர்ந்துவந்தது. இரண்டு பக்கமும் ஊசி குத்திய புள்ளிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தது. கிஷன் உள்ளிருந்து எதையோ கீழே போட்டான், அவள் திரும்பவில்லை.

"வெளக்குப் பக்கம் திரும்புங்க," என்றாள். அவர் திரும்பினார்.

"தையல் நல்லாத்தான் போட்டிருக்காங்க. பன்னெண்டு. எல்லாம் ஒரே எடவெளி." விரல் கம்பிக்கு வெளியே நீண்டது, தொடாமல் நின்றது. "ஆனா கடைசில, வாய்ப் பக்கம், ஒரு சுருக்கு விட்டுட்டாங்க. இங்க. இழுக்குமே?"

"இழுக்குது மா. கொட்டாவி விட்டா."

"ம். அவசரப்பட்டிருக்காங்க. இது எங்க பக்கம் வந்தா ஒதுக்கிடுவோம்."

பெரிய டாக்டர் மூன்று தடவை பியூட்டிஃபுல் என்ற கன்னம் அது. ஏழு பேர் படம் எடுத்த கன்னம். ஒதுக்கிவிடுவோம் என்று ஒருத்தி சொன்னதும், ஆறு மாதத்தில் அன்றுதான் யாரோ தன் முகத்தைப் பார்த்த மாதிரி கார்த்திகேசுவுக்கு இருந்தது. மலர் சாவியை எடுத்துக் கம்பிக் கதவைத் திறந்தாள். உட்காருங்க, தே ஓ போடறேன் என்றாள். பால் விடாத தேநீர்தான், போடுவதற்கு நேரமெடுத்தது. கிஷனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் அங்கிள் என்று மட்டும் வாசலில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கார்த்திகேசு தாய்மார் குழுவுக்குக் குரல் பதிவு செய்ய உட்கார்ந்தார். முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாம் தடவை 'பெருமதிப்புக்குரிய' என்று ஆரம்பித்து, தலைவர் மாதிரி இருக்கிறது என்று அழித்தார். மூன்றாம் தடவை தங்கமணி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அவர் நிறுத்திவிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. குளியலறைன்னு சொன்னது நான்தான்னும் சொல்லுங்க," என்றாள். அவரால் அழுத்த முடியாத பொத்தானை அவளே அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. ஏழு பேரில் நாலு பேர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தார்கள். ஒரு பிள்ளையின் பாட்டி, தொற்றாது என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். இதுவரை போகாமல் இருந்த ஒருத்தி, கேன்சர் என்றதும் புதிதாகப் போய்விட்டாள். மூன்று பேர் தங்கள் மூக்கையும் முதுகையும் படம் எடுத்து அனுப்பி, இந்த மச்சம் அதுவா பாருங்கள் அங்கிள் என்று கேட்டார்கள். கார்த்திகேசு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, எல்லாருக்கும் கிளினிக் போகச் சொல்லிப் பதில் எழுதினார். ஆலயத்தில் முன்வரிசைச் சிவப்பு நாற்காலியில் தலைவரின் மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவன் கன்னத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே மீசை வளர்க்கத் தொடங்கியிருந்தான். மலரிடமிருந்து எதுவும் வரவில்லை.

திங்கள்கிழமை இருட்டிலேயே வேன் கிளம்பியது. அடுக்குமாடிக்குக் கீழே வழக்கமாக நிற்கும் இடத்தில் கார்த்திகேசு நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஏற்கெனவே ஏறியிருந்த பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். கிளம்பலாமா என்று கியரில் கையை வைத்தபோது, படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மலர் தொழிற்சாலைச் சீருடையில் முன்னால் வந்தாள். பின்னால் முதுகுப் பையோடு கிஷன்.

அவள் அவனை ஏற்றிவிட்டு, சன்னல் பக்கம் வந்து, ஒரு துண்டுத் துணியை நீட்டினாள். ஓரம் தைத்து, இரண்டு பக்கமும் உறிஞ்சு ரப்பர் வைத்த கறுப்புத் துணி. "சன்னல்ல ஒட்டிக்குங்க அங்கிள். வெயில் வராது," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடினாள்.

கிஷன் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். வண்டி கிளம்புவதற்குள் அவன் முகம் கார்த்திகேசுவின் வலக் காதருகே வந்தது.

"அங்கிள். அம்மா சொன்னுச்சு, அது கேன்சராம். நெசமாவா?"

"நெசம்தான் பா."

பையன் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஸ்கூல்ல மட்டும் சொல்லாதீங்க லா, அங்கிள்."

"ஏன்?"

"நான் மூணு பேருன்னு சொல்லிட்டேன்."

"மூணு பேரா?"

"பாராங் கத்தியோட. பாசாருக்குப் பின்னால. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மூணாம் ஆண்டு, நாலாம் ஆண்டு எல்லாம்."

ஏழு தாய்மார்களின் கைகூப்பிய படங்களும் எங்கிருந்து புறப்பட்டன என்று கார்த்திகேசுவுக்கு இப்போது விளங்கியது. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தார். கோட்டின் முனை, வாய்ப் பக்கம், அந்தச் சுருக்கு இருந்த இடத்தில் இழுத்தது. திட்டுவதற்குப் பதிலாக, தெரிந்துகொள்ளும் ஆசைதான் வந்தது.

"யாரு ஜெயிச்சா?"

உள் கண்ணாடியில் கிஷனின் முகம் தெரிந்தது. இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாரே என்று அவமானப்பட்ட முகம்.

"நீங்கதான். பின்ன?"

கார்த்திகேசு தலையாட்டினார். சமிக்ஞை விளக்கைப் போட்டார். பக்கக் கண்ணாடியை இரண்டு தடவை பார்த்து, பின்னால் வந்த மோட்டார்காரனுக்குக் கைகாட்டி வழிவிட்டு, அவன் போன பிறகு இன்னொரு மோட்டார்காரனுக்கும் வழிவிட்டு, வண்டியை மெதுவாகச் சாலையில் இறக்கினார்.